இரண்டாவது மஞ்சள் அட்டை

ஊசி போட்ட அன்று ஒன்றுமில்லை.
தொடையில் ஒரு சிவந்த புள்ளி, கொஞ்சம் சிணுங்கல்,
அரை வாழைப்பழத்தில் அது தீர்ந்துபோனது.
ஒன்பதாம் இரவு
மாப்லியைத் தொட்ட கை சுட்டது.
முப்பத்தொன்பது புள்ளி ஆறு.
டெக்வென் துணி நனைக்கப் போன நேரம்
என் மடியில் குழந்தையின் கண்கள் மேலே செருகின,
கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

நான் ஞாயிற்றுக்கிழமை நடுவர்.
ஸ்வான்சீ கடலோர மைதானங்களில்
கடற்காகங்கள் பந்தைத் துரத்தும்
மூன்றாம் டிவிஷன் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவன்.
பையில் எப்போதும் சாவி கொடுக்கும் பழைய ஸ்டாப்வாட்ச்.
அழத் தோன்றவில்லை. அழுத்தினேன்.
ஒரு நிமிடம் ஐம்பது நொடி.
இதைவிட நீளமான இஞ்சுரி டைம்
நான் எந்த ஆட்டத்துக்கும் கொடுத்ததில்லை.

டாக்டர் புராசர் சின்னப் பெண்.
இரண்டு காலிலும் வேறு வேறு காலுறை.
ஏதாவது சொல்லி மழுப்புவாள் என்றிருந்தேன்.
"ஆமாம், அநேகமாக ஊசியால்தான்" என்றாள்.
"அதிலுள்ள தட்டம்மைக் கிருமி நோஞ்சான்தான்,
ஆனாலும் இந்த நாட்களில் உடம்போடு மல்லுக்கு நிற்கும்.
அதில் காய்ச்சல். காய்ச்சலில் இழுப்பு.
ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு, அதற்கும் குறைவாக.
நிஜத் தட்டம்மை வந்தால் இதைவிடப் பல மடங்கு.
பொன்னுக்கு வீங்கியின் முறை இன்னும் பாக்கி,
மூன்றாம் வாரம் கன்னம் கொஞ்சம் உப்பினால் மிரளாதீர்கள்."

ஆயிரத்தில் ஒன்று.
எனக்கு அது நூற்றுப்பத்து நொடி.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினாள்.
மருந்து செய்த தீங்கை மேலிடத்துக்கு எழுதி அனுப்புவது.
இந்த நாட்டில் அதன் பெயர் மஞ்சள் அட்டை.
விடியற்காலை நாலு மணிக்கு, அந்த நிலையிலும், சிரித்துவிட்டேன்.
எத்தனை பேர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறேன்!
மஞ்சள் வாங்கியவன் ஆட்டத்தில்தான் இருப்பான்,
பெயர் நோட்டில் ஏறும்,
அவன்மேல் ஒரு கண் இருக்கும்.
எழுதினேன். தேதி, அளவு, எத்தனை நொடி.

ஆனால் எனக்கு இன்னொரு விதியும் தெரியும்.
இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு.

இரண்டு வருஷம் அந்த விதியோடு படுத்து எழுந்தேன்.
என் லைன்ஸ்மேன் கெத்தின் சொன்னான்:
"மூன்றையும் ஒரே சிரிஞ்சில் அடைத்தால் பிஞ்சு உடம்பு என்ன செய்யும்?
தனித்தனியாகக் கொடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்."
அவன் மகன் யாண்டோவுக்குப் போடவேயில்லை.
நானும் பதில் சொல்லவில்லை,
என் கையெழுத்திலேயே அவனுக்குச் சாட்சி இருந்ததே.

அந்த வசந்தத்தில் தட்டம்மை ஊருக்குள் வந்தது.
யாண்டோ பதினோரு நாள் வார்டில் கிடந்தான்.
வந்துவிட்டான், ஓடுகிறான், கோல்கூடப் போடுகிறான்.
இடப்பக்கம் நின்று நான் விசில் ஊதினால் மட்டும்
நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கிறான்.
கெத்தின் கொடியை இறக்கிவிட்டுத் தரையைப் பார்க்கிறான்.
நான் எந்த அட்டையையும் எடுக்கவில்லை.

மாப்லிக்கு மூன்று வயது நாலு மாதம்.
"இரண்டாம் முறை பெரும்பாலும் சாதுவாக இருக்கும்,
சத்தியம் செய்ய முடியாது" என்றாள் புராசர்.
சத்தியம் செய்யாததால்தான் கூட்டிக்கொண்டு போனேன்
என்று சொன்னால் டெக்வென் சிரிப்பாள்.
அவள் காலண்டரில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை
பென்சிலால் எழுதி வைத்தாள். வேறெதுவும் பேசவில்லை.

ஒன்பதாம் இரவு கட்டிலருகே தரையில் கிடந்தேன்,
நெஞ்சின்மேல் ஸ்டாப்வாட்ச், ஓடவிட்டபடி.
இரண்டரைக்கு அவள் புரண்டாள். எழுந்து உட்கார்ந்தாள்.
நெற்றி வெதுவெதுப்பு, முப்பத்தேழு புள்ளி எட்டு.
தண்ணீர் கேட்டாள். பாதியை என்மேல் கொட்டினாள்.
"அப்பா, அது டிக் டிக்னு கத்துது.
நிறுத்து."

நிறுத்தினேன்.
மறுநாள் இரவும் அங்கேயே படுத்தேன்,
வாட்ச் சமையலறையில் இருந்தது.